தண்ணீரைத் தவிர

எண்ணெய்க் கம்பெனியில் அவனுடைய பதவிக்கு மக்கள் தொடர்பு அலுவலர் என்று பெயர். ஊரில் அவனுக்கு மைக் என்று பெயர். கம்பெனி எதைத் திறந்து வைத்தாலும், அது பள்ளிக்கூடத்துக் கழிப்பறையானாலும் கண் பரிசோதனை முகாமானாலும், மேடையில் முதலில் ஏறி மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ" சொல்கிறவன் அவன்தான். கம்பெனி வந்த காலத்தில் ஊரில் பட்டம் வாங்கியிருந்தவன் அவன் ஒருவன். உள்ளூர்க்காரன் சொன்னால் ஊர் கேட்கும் என்று வேலைக்கு எடுத்தார்கள். கொஞ்ச காலம் ஊரும் கேட்டது.

நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. ஊருக்குள் பெண் கேட்டுப் போனால் "கம்பெனி ஆளாச்சே" என்று இழுத்தார்கள். கம்பெனிக் குடியிருப்பில் யாராவது பேச்செடுத்தால் "உள்ளூர் ஆளாச்சே" என்று முடித்துவிட்டார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அவனுக்கு இரண்டு பக்கமும் ஒரு சத்தமும் இல்லாமல் போனது.

குடியிருப்பின் கடைசி வரிசையில் அவனுக்கு ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் எரிவாயுவை எரித்துவிடும் உயரமான குழாயும் அதன் உச்சியில் நெருப்பும் தெரியும். வெளியில் துணி காயப்போட்டால் கரிப்புள்ளி விழும் என்பதால் அறைக்குள்ளேயே கயிறு கட்டியிருந்தான். கட்டிலிலிருந்து மேஜைக்குப் போகிற வழியில் சட்டைக் கைகள் முகத்தில் உரசும். கேன்டீனிலிருந்து வாங்கி வந்த சாப்பாட்டை மேஜையில் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, ஒரே தட்டைக் கழுவி அதே இடத்தில் கவிழ்த்து வைப்பான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிழக்குத் தெருவில் அண்ணன் வீட்டுக்குப் போவான். அண்ணன் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். ஊரில் பாதி வீடுகளுக்கு வாசல் கேட்டும் ஜன்னல் கம்பியும் அவர் கைவேலைதான். பேச்சு மிகக் குறைவு. "நாள் முழுக்க இரும்போட மல்லுக்கட்டிட்டு வர்றாரு, நம்மகிட்ட பேச மிச்சம் எங்க இருக்கும்" என்பாள் அண்ணி. குறைவாகப் பேசுகிறவர் என்பதாலேயே அவர் வாயைத் திறந்தால் தெருவே காது கொடுக்கும். அம்மா இறந்துபோன வருஷத்தில்தான் அண்ணி அந்த வீட்டுக்கு வந்தாள். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த கொழுந்தனுக்கு அன்றைக்குப் போட ஆரம்பித்த சோற்றை அவள் நிறுத்தவேயில்லை. அவன் எவ்வளவு வளர்ந்தும் அவளுக்குத் தம்பிதான்.

கிழக்குத் தெருக் கிணறுகளில் மண்ணெண்ணெய் வாடை அடிக்க ஆரம்பித்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. தெருவுக்குப் பின்னால் கம்பெனியின் எண்ணெய்க் குழாய் மண்ணுக்கடியில் போகிறது. குழாய் கசிகிறது என்று தெரு சொன்னது. கம்பெனி வந்து பாட்டிலில் பிடித்துப் போன தண்ணீர் பரிசோதனை முடிந்து, வரம்புக்குள்தான் இருக்கிறது என்று காகிதமாகத் திரும்பியது. "வரம்புக்குள்ள இருக்கட்டும், எங்க வயித்துக்குள்ள எப்படி இருக்கும்?" என்று கேட்டாள் அண்ணியின் எதிர்வீட்டுக்காரி. தெருவில் யாரோ வழக்குப் போடப்போவதாகப் பேச்சு எழுந்ததும் கம்பெனி லாரியில் தண்ணீர் அனுப்பத் தொடங்கியது. லாரியின் வயிற்றில் 'நல்லெண்ணத் திட்டம்' என்று பச்சை எழுத்தில் எழுதியிருந்தது. நல்லெண்ணெய்த் திட்டம் என்று தெருவில் கேலி பேசினார்கள். லாரி வருகிற நாளில் வரும், வராத நாளில் வராது.

அந்த வருஷம் தலைமை அலுவலகத்திலிருந்து சமூகப் பொறுப்புப் பிரிவுக்கு ஒரு மேடம் புதிதாக வந்தாள். இளவயது. வெயிலில் தெருத்தெருவாக நடந்தாள், வீடுகளில் உட்கார்ந்து பேசினாள். ஒவ்வொரு வருஷமும் கம்பெனியே எதையாவது கட்டிவிட்டுப் போகிறது, இனி ஊருக்கு என்ன வேண்டும் என்று ஊரே முடிவு செய்யட்டும், அதுதான் நிலைத்த வளர்ச்சி என்றாள். பெரிய தொகையை ஒதுக்கச் செய்து ஊர்க் கூட்டத்துக்கும் ஏற்பாடு செய்தாள். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவனுக்கு வேலையில் ஒரு பிடிப்பு வந்தது.

"அப்ப தண்ணிதான் மேடம். ஆத்துக்கு மேல்பக்கத்துல இருந்து குழாய் போட்டுக் கொண்டு வந்துட்டா போதும். வேற ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றான்.

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"தண்ணியைத் தவிர எது வேணும்னாலும் கேக்கலாம்" என்றாள்.

சட்டப் பிரிவு சொன்னதை அப்படியே அவனிடம் சொன்னாள். லாரியில் கொடுத்தால் அது உதவி. அந்தத் தெருவுக்கென்று குழாய் போட்டுக் கொடுத்தால், கிணறு கெட்டது எங்களால்தான் என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். நாளைக்கே நீதிமன்றத்தில் அந்தக் குழாயைக் காட்டுவார்கள். கூட்டத்தில் தண்ணீர் என்று தீர்மானமாகிவிட்டால் மேலிடம் மொத்தத் திட்டத்தையும் நிறுத்திவிடும். தனக்கும் இது பிடிக்கவில்லை என்றும், வருகிறதாவது வரட்டுமே என்றும் சொன்னாள். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்காமல் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனபோது, அண்ணி லாரித் தண்ணீரைத் துணி கட்டிய குடத்தில் ஊற்றி வடிகட்டிக்கொண்டிருந்தாள். அவன் சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னான்.

"தண்ணிய விட்டுட்டு வேற என்னத்தத் தம்பி கேக்கறது?" என்றாள் அண்ணி.

பூங்கா கேட்கலாம், பிள்ளைகள் விளையாட ஊரில் ஓர் இடமில்லை என்றான். சொல்லும்போதே அவனுக்குக் கூச்சமாக இருந்தது. அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"தெரு என்னைத்தான் பாக்கும்" என்றார்.

"அதனாலதான்ணா கேக்கறேன்."

"நான் பேசாம இருந்தா போதுமா?"

"போதும்ணா."

"உன் வேலைக்கு ஏதாவது ஆயிடுமா, இல்லாட்டி?"

அவன் பதில் சொல்லவில்லை. வேலை போகும் என்று யாரும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. போகாது என்றும் அவனால் சொல்ல முடியவில்லை. அண்ணன் அந்த மௌனத்தையே பதிலாக எடுத்துக்கொண்டு, "சரி, சாப்பிடு" என்றார்.

கூட்டம் பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், டீ, பிஸ்கட். மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஊரின் தேவையை ஊரே சொல்லலாம் என்று அவன் அறிவித்தான். ஒருவர் சமுதாயக் கூடம் என்றார், ஒருவர் தெருவிளக்கு என்றார். எதிர்வீட்டுக்காரி எழுந்து தண்ணீர் என்றாள். தண்ணீருக்கு ஏற்கெனவே ஏற்பாடு இருக்கிறது, வேறு தேவைகளைப் பற்றிப் பேசலாமே என்றான் அவன். அவள் உட்காரவில்லை. முன்வரிசையில் இருந்த அண்ணனைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா சரியா இருக்கும்" என்றாள்.

ஹால் முழுக்க அண்ணனைப் பார்த்தது. அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெல்டிங் பொறி பட்ட பழைய தழும்புகள் நிறைந்த கைகள்.

"எல்லாரும் சொல்றதுதான் எனக்கும்" என்றார்.

எல்லாரும் என்ன சொல்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. எதிர்வீட்டுக்காரி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். பூங்கா வேண்டும் என்கிறவர்கள் கை தூக்கலாம் என்று அவன் சொன்னபோது முதலில் இரண்டு மூன்று கைகள் எழுந்தன. போகட்டும் என்று மற்றவர்களும் தூக்கினார்கள். மேடம் கை தட்டினாள்.

அதோடு விட்டிருக்கலாம். அண்ணனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவனுக்கு மனம் அடித்துக்கொண்டது. பூங்காக் கட்டும் ஒப்பந்தக்காரரிடம், இரும்பு கேட்டுக்கு வெளியூர் போக வேண்டாம், உள்ளூரிலேயே நல்ல பட்டறை இருக்கிறது என்று சொல்லிவைத்தான். அண்ணனுக்கு அது இன்னொரு கேட், அவ்வளவுதான். யார் சொல்லி வந்த வேலை என்று அவர் விசாரிக்கவில்லை. இரட்டைக் கதவு, ஒரு விரலால் தள்ளினாலும் சத்தமில்லாமல் திறக்கும். அதைப் பொருத்தி முடித்த மறுநாள் காலையில் அதன்மேல் சுண்ணாம்பால் யாரோ எழுதியிருந்தார்கள்: தண்ணிக்கு விலை இந்த கேட்.

அவன் ஓடிப்போய் அழிப்பதற்குள் ஊர் பார்த்துவிட்டது. அண்ணனும் பார்த்துவிட்டார்.

அதற்குப்பின் பட்டறைக்கு வேலை வரவில்லை. பாதி முடிந்திருந்த ஒரு ஜன்னலை, போதும் கொடுத்துவிடுங்கள் என்று வந்து எடுத்துப் போனார்கள். எதிர்வீட்டுக்காரிக்கும் அண்ணிக்கும் இருபது வருஷப் பழக்கம். ஒருத்தி வீட்டில் உப்பு தீர்ந்தால் இன்னொருத்தி வீட்டில் எடுத்துக்கொள்வாள், கேட்கவும் மாட்டாள். எதிர்வீட்டுக்காரி எப்போதோ வாங்கிப் போயிருந்த பாத்திரத்தைக் கூப்பிடாமல் வாசற்படியில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். அண்ணி அதை எடுக்காமல் அன்று முழுக்க அங்கேயே விட்டிருந்தாள்.

அவன் டீக்கடைக்குப் போனான். நாலு பேர் இருக்கும்போது, அண்ணன்மேல் தப்பில்லை, பேச வேண்டாம் என்று சொன்னது நான்தான், கேட் வேலையை வாங்கிக் கொடுத்ததும் நான்தான், அவருக்கு எதுவும் தெரியாது என்றான். லாரி டிரைவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "மைக் பேசுது, எல்லாரும் கேட்டுக்கங்க" என்றார். சிரித்தார்கள். பெரிய பகையாகச் சிரிக்கவில்லை. ஆனால் அவன் அதோடு கிளம்பி வந்துவிட்டான். சாயந்திரத்துக்குள், அண்ணனும் தம்பியும் சேர்ந்தே செய்தார்களாம், தம்பியே ஒத்துக்கொண்டான் என்று பேச்சு தெருவைச் சுற்றி வந்துவிட்டது.

இரண்டு ஞாயிறு கழித்துப் போனபோது வீட்டில் சாமான்கள் கட்டியிருந்தன. அண்ணனின் மகள் நகரத்தில் இருந்தாள். அவளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறார்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வெல்டிங் மெஷினை வெளியூர்க்காரன் ஒருவன் வாங்கிப் போய்விட்டான். அண்ணன் தம்பியை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாவியை அவன் கையில் வைத்தார். அண்ணி மிச்சமிருந்த மளிகைச் சாமான்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்து, "வேளைக்குச் சாப்பிடு தம்பி" என்றாள். பஸ் வரை அவன்தான் பெட்டியைத் தூக்கிப் போனான். வழியில் எந்த வீட்டிலிருந்தும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

பூங்காவை மாவட்ட அதிகாரி வந்து திறந்து வைத்தார். ஊஞ்சல், சறுக்குமரம், சிமெண்ட் பெஞ்சுகள். தெரு அந்தப் பக்கமே போகவில்லை. போகாதே என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. பிள்ளைகள்கூட வேலிக்கு வெளியே ரோட்டில்தான் விளையாடின. காலியாகக் கிடப்பதைப் பார்க்க மனசு கேட்காமல் அவன் சில சாயந்திரங்களில் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தான். காவலாளி தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒருநாள் பக்கத்தில் வந்தார்.

"யாருக்காவது வெயிட் பண்றீங்களா சார்?"

"இல்ல" என்று எழுந்து வந்துவிட்டான். பிறகு போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகள்தான் கஷ்டமாக இருந்தன. காலையில் சட்டைகளை இஸ்திரி போடுவான். பிறகு இஸ்திரி போட்டதையே மடித்து அடுக்குவான். மத்தியானம் அண்ணனுக்குப் போன் செய்வான். "ம். நல்லா இருக்கோம். நீ?" என்பார் அவர். "இருக்கேன்ணா." பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் போனைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பக்கம் குழந்தை அழுதால் அவருக்கு வைத்துவிட ஒரு காரணம் கிடைக்கும். வாரம் முழுக்க அவன் பேசியதெல்லாம் ஆபீஸ் பேச்சுத்தான் என்பது ஒருநாள் அவனுக்கே உறைத்தது. குளிக்கும்போது தன் பெயரை மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். அந்தப் பெயரைச் சொல்லி அவனைக் கூப்பிட்டது அண்ணன் ஒருவர்தான்.

மறுவருஷம் மேடம் வேலையை விட்டுப் போனாள். போகும் முன் போனில் கூப்பிட்டு, அந்தக் கூட்டத்தை நடத்தாமலே இருந்திருக்கலாம் என்றாள். பரவாயில்லை மேடம் என்றான்.

அதற்கடுத்த வருஷம் கம்பெனியே கைமாறியது. எண்ணெய் குறைந்துபோன வயல்களை மொத்தமாக வாங்கி நடத்துகிற வேறொரு கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். பெயர்ப்பலகைகளும் சீருடைகளும் நிறம் மாறின. லாரியின் பச்சை எழுத்துமேல் நீல எழுத்து ஏறியது. புது மேலாளர் அவனைக் கூப்பிட்டு, ஊரில் நல்ல பெயரோடு தொடங்க வேண்டும், உடனடித் தேவை என்ன என்று கேட்டார். இல்லை என்ற பதிலுக்குத் தயாராகவே அவன் சொன்னான்.

"தண்ணி சார்."

"செஞ்சிடலாம்."

அவன் நாற்காலியை விட்டு எழவில்லை. சட்டப் பிரிவில் ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டான். மேலாளர் சிரித்தார்.

"கசிஞ்சது அவங்க காலத்துல. நாம போட்டா அது உதவிதானே."

மழைக்கு முன்பே குழாய் போட்டு முடித்துவிட்டார்கள். வேலை நடக்கும்போது பிளம்பர் வந்து, அந்தப் பூட்டின வீட்டை விட்டுவிடலாமா என்று கேட்டார். அங்கேயும் போடுங்கள் என்றான். திறப்பு விழாவில் மைக்கைத் தட்டிவிட்டு இறங்கிப் போய்க் கூட்டத்துக்குப் பின்னால் நின்றான். தண்ணீர் வந்ததும் கிழக்குத் தெருக்காரர்கள் யாரும் குடிக்கவில்லை, முதலில் மோந்து பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரி உள்ளங்கையில் பிடித்து மோந்தாள், கொட்டிவிட்டு இன்னொருமுறை பிடித்து மோந்தாள், பிறகு முகத்தில் அடித்துக்கொண்டாள். யாரும் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை.

லீவு போட்டுவிட்டு நகரத்துக்குப் போனான். அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று பஸ்ஸில் உட்கார்ந்தபடியே வீட்டுக்கு வெள்ளை அடிப்பது வரை யோசித்து முடித்திருந்தான். மகளின் வீடு மூன்றாவது மாடி. அண்ணன் பேத்தியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்து, ஷூவைக் கழற்றிவிட்டுக்கொண்டிருந்தார். கைத்தழும்புகள் வெளிறியிருந்தன. கொஞ்சம் சதை போட்டிருந்தார். அண்ணி அவனைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, இளைத்துவிட்டாய் என்றாள்.

சாப்பிட்டதும் விஷயத்தைச் சொன்னான்.

"வந்துடுச்சா" என்றார் அண்ணன். "நல்லது."

"கிளம்பி வாங்கண்ணா. நம்ம வாசல்லயே குழாய் இருக்கு."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். பேத்தி அவர் முதுகில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"நீ கேட்டதாலதான் நான் பேசலன்னு நினைச்சுக்கிட்டிருக்கியா?"

"அதான்ணா நடந்துச்சு."

"நீ கேக்கலன்னாலும் நான் பேசியிருப்பேனான்னு எனக்கே தெரியலடா. அவ்ளோ பேர் முன்னாடி, கம்பெனிக்காரங்க எதிர்ல. பயமா இருந்துச்சு. நீ கேட்டது எனக்கு வசதியாப் போச்சு." பேத்தியை முதுகிலிருந்து இறக்கிவிட்டார். "அதை மனசுல போட்டுக் கொழப்பிக்காத."

இத்தனை நாள் அவன் சுமந்ததில் பாதியை அவர் எடுத்துக்கொண்டார். ஆனால் அவனுக்கு லேசாக இல்லை. அண்ணன் எதற்கும் பயப்படாதவர் என்று சின்ன வயதிலிருந்து நினைத்துக்கொண்டிருந்ததும் அதோடு சேர்ந்து போய்விட்டது.

திரும்பி வருவதைப் பற்றி அவர்கள் பேசவேயில்லை. இங்கே பழகிவிட்டது, குழந்தையும் ஒட்டிக்கொண்டுவிட்டது என்றாள் அண்ணி. "நீயும் இங்க வந்துடேன் தம்பி" என்றாள். அவள் நிஜமாகத்தான் சொன்னாள். அவன் ஹாலைப் பார்த்தான். ராத்திரி அண்ணனும் அண்ணியும் படுப்பதற்குச் சோபாவை நகர்த்த வேண்டியிருக்கும் போலிருந்தது. பார்க்கலாம் அண்ணி என்றான். கிளம்பும்போது, வீடு சும்மா கிடந்தால் பாழாகிவிடும், நீ போய் இருந்துகொள் என்றார் அண்ணன்.

அதற்கும் அவசியம் வந்தது. புதுக் கம்பெனி குடியிருப்பை இடித்துக் கட்டப்போவதாகச் சொல்லி, உள்ளூரில் வீடு இருக்கிறவர்களை முதலில் காலி செய்யச் சொன்னது. அவன் கட்டிலையும் மேஜையையும் கிழக்குத் தெருவுக்குக் கொண்டு வந்தான். தன்னந்தனியாக ஒட்டடை அடித்தான், சமையலறையைக் கழுவினான். பிறந்து வளர்ந்த வீடுதான். ஆனால் அண்ணி எதை எங்கே வைப்பாள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை, உட்கார்ந்து சாப்பிட்ட இடம் மட்டும்தான் தெரிந்திருந்தது. வேலைக்குப் போகும்போது எதிரில் வருகிறவர்கள் தலையாட்டினார்கள். அவனும் தலையாட்டினான். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

ஒரு மாதத்துக்குப் பிறகு, விடுமுறை நாள் ஒன்றில் அவன் வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தபோது எதிர்வீட்டுக்காரி தெருவைக் கடந்து வந்து நின்றாள்.

"அண்ணி எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க."

"வருவாங்களா?"

"இல்ல. அங்கயே இருக்கறதா சொல்லிட்டாங்க."

அவள் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நம்பர் இருக்கிறதா என்று கேட்டாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், தானே போன் போட்டு, மணி அடிக்கும்போதே அவள் கையில் கொடுத்தான். அந்தப் பக்கம் அண்ணியின் குரல், "சொல்லு தம்பி" என்றது.

"நான்தான்" என்றாள் எதிர்வீட்டுக்காரி. போனைக் காதில் அழுத்திக்கொண்டு திரும்பித் தன் வீட்டுப் படியில் போய் உட்கார்ந்தாள்.

அவன் துணியைக் காயப்போட்டான். வாளியைக் கழுவினான். உள்ளே போய் உலையை வைத்தான். தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து முதலில் அழுகையும், பிறகு ஏதோ ஒரு பேச்சும், ரொம்ப நேரம் கழித்துச் சிரிப்பும் கேட்டது. இத்தனை நேரம் அண்ணி தன்னோடு போனில் பேசியதேயில்லை என்று நினைத்துக்கொண்டான். அவர்களுக்குப் பேச எவ்வளவோ இருந்தது. தனக்கும் இரண்டு வார்த்தை மிச்சம் வைப்பார்கள் என்று வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

சோறு வடித்து முடித்தபோது அவள் வந்து போனை நீட்டினாள். கண்கள் சிவந்திருந்தன, முகம் தெளிந்திருந்தது.

"வச்சுட்டாங்களா?" என்று கேட்டான்.

"வச்சுட்டாங்களே. நீங்க பேசணுமா?"

"பரவால்ல. அப்புறம் பேசிக்கறேன்."

அவள் படியிறங்கிப் போனாள். போன் அவள் காதுச் சூட்டில் இன்னும் கதகதப்பாக இருந்தது. அதை மேஜையில் வைத்துவிட்டு, தட்டை எடுத்துச் சாப்பிட உட்கார்ந்தான்.